மலை வீட்டில் சேர்த்து வைத்த மளிகையைக் கெடவிடாமல் தின்று தீர்ப்பது எப்படி

கொடைக்கானல் மலையில் குடியிருக்கிறவர்களுக்கு மளிகை சேர்த்து வைக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புரட்டாசி பாதியில் வானம் மூட ஆரம்பித்ததுமே, வத்தலக்குண்டு போகிற யாரிடமாவது சொல்லி ஒரு சிப்பம் அரிசி, ரெண்டு கிலோ துவரம் பருப்பு, ஒரு டின் எண்ணெய் என்று கூடுதலாக மேலே ஏற்றிவிடுவோம். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது மரம் விழுந்து பாதை அடைபட்டு, கரண்டும் இல்லாமல் கிடந்ததைப் பார்த்தவர்கள் இந்தப் பழக்கத்தை விடவே மாட்டார்கள். நீலகிரிப் பக்கம் இருப்பவர்களுக்கு 2009 நவம்பர் மண்சரிவு அதே மாதிரி மனதில் நிற்கிறது. சேர்ப்பது சரியான பழக்கம், அதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை.

நான் சொல்ல வருவது அதற்கு அடுத்த பாதியைப் பற்றி. சேர்த்ததை யாரும் திட்டம் போட்டுத் தீர்ப்பதில்லை. மழை முடிந்து பாதை திறந்துவிட்டால் வழக்கம்போல மாதச் சாமான் வாங்க ஆரம்பித்துவிடுகிறோம், மழைக்கென்று வைத்தது பரணிலேயே இருக்கிறது. அடுத்த மழைக்கு மறுபடி ஒரு சிப்பம் வருகிறது, அது பழைய சிப்பத்துக்கு முன்னால் உட்காருகிறது. இப்படி ரெண்டு வருஷம் போனால் அடியில் இருப்பது பூசணம் பிடித்து, கோழிக்குக்கூடப் போட முடியாத நிலைக்கு வந்துவிடும். இத்தனை வளைவு ஏறி வந்த அரிசி அது. வெள்ளகெவி மாதிரி ஊர்களுக்கு அதே அரிசி குதிரை முதுகில்தான் போய்க்கொண்டிருந்தது. அதைக் குப்பையில் கொட்டுவது எனக்குப் பொறுக்காது. அதனால் மலை வீட்டில் நிரப்புவதற்கு ஒரு காலம் இருப்பது போல, காலி செய்வதற்கும் ஒரு காலம் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் காலம் தை, மாசி, பங்குனி.

ஏன் அந்த மூன்று மாதம்

அப்போதுதான் இங்கே வெயில் நம்பகமாகக் கிடைக்கும். காலையில் உறைபனி இருந்தாலும் பதினோரு மணிக்கு மேல் சுள்ளென்று அடிக்கும், காற்றில் ஈரம் குறைவாக இருக்கும். சமவெளியில் இருக்கிற சொந்தக்காரர்கள் "மாசம் ஒரு தடவை வெயிலில் காய வை" என்று சொல்வார்கள், அது அவர்களுக்குச் சரி. ஆனி, ஆடியில் சாரலும் ஐப்பசி, கார்த்திகையில் அடைமழையும் இருக்கிற ஊரில் மாதம் ஒரு தடவை வெயிலுக்கு எங்கே போவது? மேகம் போகிற நாளில் பருப்பைப் பாயில் கொட்டி வைத்தால் காய்வதற்குப் பதிலாக ஈரத்தை இழுத்துக்கொள்ளும், உள்ளே வைத்திருந்ததைவிட மோசமாகிவிடும்.

இன்னொரு காரணம், இந்த மூன்று மாதமும் பாதை பெரும்பாலும் திறந்திருக்கும், ஏதாவது தீர்ந்து போனாலும் பயமில்லை. சித்திரை பிறந்து சீசன் வந்துவிட்டால் கதை வேறு. 2024 மே மாதத்திலிருந்து சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் வந்த பிறகும் சீசன் நாளில் ஊருக்குள் போய்ச் சாமான் வாங்கித் திரும்புவதற்குள் பொழுது போய்விடுகிறது. ஆகவே பங்குனிக் கடைசியில் ஒரு சின்ன நிரப்பல், மூன்று வாரத்துக்குப் போதுமான அளவு. பெரிய நிரப்பல் புரட்டாசியில். நடுவில் ஆடியில் ஒரு முறை டப்பாக்களைத் திறந்து மோந்து பார்த்தால் போதும். வருஷக் கணக்கு இவ்வளவுதான்.

முதல் நாள் வேலை

தையில் நல்ல வெயில் அடிக்கிற ஒரு நாளைப் பிடித்து எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். எல்லாவற்றையும் என்றால் அலமாரியில் இருப்பது மட்டும் இல்லை. பரண், மாடிப்படிக்குக் கீழே இருக்கிற டிரம், கட்டிலுக்கு அடியில் தள்ளிய அட்டைப்பெட்டி, பிரிட்ஜுக்கு மேல் இருக்கிற அரை பாக்கெட் சேமியா, போன வருஷப் பொங்கல் தொகுப்பில் வந்த பச்சரிசி, தீபாவளிக்கு வாங்கி மிஞ்சிய மைதா, எல்லாம் வர வேண்டும். ஒரே பொருள் மூன்று இடத்தில் இருப்பது அப்போதுதான் தெரியும். பல வீடுகளில் கடுகும் வெந்தயமும்தான் இப்படிக் குவிந்திருக்கும், ஏனென்றால் அவை தீர்ந்துவிட்டது போலத் தோன்றும்போதெல்லாம் நூறு கிராம் வாங்கிவிடுவோம்.

பாயை விரித்து ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள், மோந்து பாருங்கள், கையை அடி வரைக்கும் விட்டுப் பாருங்கள். மேலே நன்றாக இருக்கும், அடியில் கட்டியாக இருக்கும், அந்தக் கட்டிதான் ஈரம் நுழைந்த அடையாளம். அரிசியையும் பயறையும் பல்லில் வைத்துக் கடித்துப் பாருங்கள். டக்கென்று உடைந்தால் காய்ச்சல் சரியாக இருக்கிறது. மெத்தென்று நசுங்கினால் இன்றைக்கே வெயிலுக்குப் போக வேண்டும். தானியத்தில் ஈரம் 12, 13 சதவீதத்துக்குள் இருந்தால் நாள்பட நிற்கும், அதைத் தாண்டினால் பூசணத்துக்கு வழி திறந்துவிடும். வீட்டில் அதை அளக்கக் கருவி கிடையாது, பல்தான் கருவி.

டப்பாக்களையும் அன்றைக்கே கழுவிக் கவிழ்த்துக் காய வைத்துவிடுங்கள். வெயிலில் சூடான டப்பாவிலோ சூடான பருப்பையோ உடனே அடைத்து மூடக் கூடாது. சாயங்காலம் பனி இறங்குவதற்கு முன்னால் உள்ளே எடுத்து வந்து, துணி போட்டு மூடி, சூடு ஆறியதும் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் ராத்திரி குளிரில் மூடியின் உட்புறம் வேர்த்து, அந்தத் தண்ணீர் சாமான் மேலேயே சொட்டும். மலையில் இது சமவெளியைவிட அதிகம் நடக்கும், பகலுக்கும் ராத்திரிக்கும் உள்ள வித்தியாசம் அப்படி.

வைக்கிற இடமும் முக்கியம். சிமென்ட் தரையில் நேராக மூட்டையை வைக்காதீர்கள், ரெண்டு பலகையோ நாலு செங்கலோ போட்டு அதன் மேல் வையுங்கள். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், மழைக்காலத்தில் நம் வீட்டுச் சுவர்கள் எல்லாம் ஈரம் கோர்க்கும்.

பழசின் மேல் புதுசைக் கொட்டாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். டப்பாவில் கால்வாசி இருக்கும்போதே புதுப் பாக்கெட்டை உடைத்து மேலே கொட்டுவதுதான் எல்லா வீட்டிலும் சாமான் கெடுவதற்கு முதல் காரணம். அடியில் இருக்கிற கால்வாசி ஒருநாளும் மேலே வராது. அதில் ஒரு வண்டு முட்டை இருந்தாலும் புதுசு முழுக்கப் போய்விடும், பழைய எண்ணெய் வாடை இருந்தாலும் புதுசுக்கு ஏறிவிடும்.

அதற்கு நான் சொல்லும் ஏற்பாடு சுலபம். ஒவ்வொரு பொருளுக்கும் ரெண்டு பாத்திரம், அடுப்படியில் ஒரு சின்னக் கை டப்பா, உள்ளே ஒரு இருப்பு டின். கை டப்பா ஒரு வாரம் பத்து நாளைக்கு மட்டும் கொள்ள வேண்டும். அது முழுதாகத் தீர்ந்த பிறகு துடைத்துவிட்டு இருப்பிலிருந்து எடுத்து நிரப்புங்கள். புதுச் சாமான் வந்தால் பாக்கெட்டைப் பிரிக்காமலே இருப்பு டின்னுக்குப் பின்னால் வையுங்கள், டின் காலியாகிக் கழுவிக் காய்ந்த பிறகுதான் உடைக்க வேண்டும். பழசு முன்னால், புதுசு பின்னால். அலமாரி ஆழமாக இருந்தால் பின்னால் இருப்பது கண்ணிலேயே படாது, அப்படிப்பட்ட அலமாரியில் வலது பக்கம் வைத்து இடது பக்கம் எடுப்பது என்று ஒரு வரிசை வைத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு பாக்கெட்டிலும் வாங்கிய மாதத்தையும் வருஷத்தையும் பெரிய எழுத்தில் மார்க்கரால் எழுதுங்கள். ரேஷன் சாமானுக்கும், கடையில் காகிதத்தில் மடித்துக் கொடுப்பதற்கும், தாண்டிக்குடிப் பக்கம் தோட்டத்திலிருந்து வரும் மிளகுக்கும் தேதி எதுவும் இருக்காது, நாம்தான் எழுத வேண்டும். எழுத்து மூடியில் வேண்டாம். மூடிகள் கழுவும்போது இடம் மாறிவிடும், டப்பாவின் உடம்பில் ஒரு துண்டு டேப் ஒட்டி அதில் எழுதுங்கள்.

கம்பெனிப் பாக்கெட்டில் இருக்கிற தேதியைப் படிக்கும்போது ஒரு வித்தியாசம் கவனியுங்கள். பெஸ்ட் பிஃபோர் என்று போட்டிருந்தால் அந்த நாள் வரை ருசியும் மணமும் சரியாக இருக்கும் என்று அர்த்தம், மறுநாள் அது விஷமாகிவிடாது. எக்ஸ்பைரி அல்லது யூஸ் பை என்று போட்டிருந்தால் அந்த நாளைத் தாண்டக் கூடாது. இதைப் பிரித்துப் பார்க்காமல் நல்ல ரவையைத் தூக்கிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், கெட்டதைக் குழந்தைக்குக் கரைத்துக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

அப்புறம், வீட்டில் சாமான் எடுத்து வைக்கிறவர் யாரோ அவருக்கு இந்த ஏற்பாடு தெரிய வேண்டும். சமைப்பது ஒருவர், பையிலிருந்து எடுத்து அடுக்குவது இன்னொருவர் என்று இருக்கிற வீட்டில் சமைப்பவருக்கு மட்டும் தெரிந்து பிரயோஜனம் இல்லை. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள்கூட இதைச் சரியாகச் செய்வார்கள், அவர்களிடமே மார்க்கரைக் கொடுங்கள்.

உடைத்துப் பாதி மிஞ்சிய பாக்கெட்டுகளுக்கு ஒரு கூடை வையுங்கள். அரை பாக்கெட் சேமியா, ஒரு பிடி அவல், கொஞ்சம் ஜவ்வரிசி, ரெண்டு அப்பளம் எல்லாம் அந்தக் கூடையில், கண் முன்னால். சாயங்காலம் என்ன பண்ணலாம் என்று யோசிக்கும்போது கடைக்குப் போவதற்கு முன் கூடையைப் பார்க்க வேண்டும்.

எது எப்படிக் கெடும்

மலையில் வண்டுத் தொல்லை சமவெளி அளவுக்கு இருக்காது. அரிசி வண்டு சுமார் 15 டிகிரிக்குக் கீழே போனால் ஏறக்குறைய பெருகாமல் நின்றுவிடும், நம் ராத்திரிகள் அதற்குக் கீழேதான் இருக்கின்றன. ஆனால் அடுப்பு ஒட்டிய சுவர் அலமாரி கதகதப்பாக இருக்கும், அங்கே வைத்தால் வண்டு வரும். ஆகையால் இருப்பு டின் குளிர்ந்த, காய்ந்த அறையில், கை டப்பா மட்டும் அடுப்படியில். பருப்பில் வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் போடுவது, துணியில் முடிந்து வசம்பு வைப்பது எல்லாம் ஓரளவுக்குத் தடுக்கும், ஏற்கெனவே இருக்கிற பூச்சியைக் கொல்லாது. ரவை, மைதா, கோதுமை மாவில் நூலாம்படை மாதிரி இழை தெரிந்தால் அது அந்துப்பூச்சி, அந்தப் பாக்கெட்டை விட்டுவிடுங்கள். புதுசாக வாங்கிய ரவையைச் சின்னப் பொட்டலமாகக் கட்டி நாலைந்து நாள் ப்ரீசரில் வைத்து எடுத்தால் முட்டை செத்துவிடும், இல்லாவிட்டால் வாங்கியதும் மணக்க வறுத்து ஆறவைத்து அடைத்துவிடலாம்.

இங்கே பெரிய எதிரி பூசணம்தான். காய்ந்த மிளகாய் மேலே சிவப்பாகப் பளபளவென்று இருக்கும், கிள்ளிப் பார்த்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் பூத்திருக்கும். மழை மாதங்களில் மிளகாயை உடைத்துப் பார்க்காமல் தாளிக்காதீர்கள். மிளகாய்த்தூள், சாம்பார்ப் பொடி டப்பாவைக் கொதிக்கிற குழம்புக்கு மேலே பிடித்து அப்படியே தட்டுகிற பழக்கம் பலருக்கு இருக்கிறது, அந்த ஆவி டப்பாவுக்குள் போய்த்தான் பொடி கட்டி கட்டுகிறது. தனிக் கரண்டியில் எடுத்து, டப்பாவை மூடிவிட்டு, அப்புறம் போடுங்கள்.

மாவுகள் தானியத்தைவிடச் சீக்கிரம் போகும். கம்பு மாவு மிக மோசம், அரைத்த சில நாட்களிலேயே சிக்கு வாடையும் கசப்பும் வந்துவிடும், ஏனென்றால் கம்பில் இருக்கிற கொழுப்பு அரைத்ததும் காற்றோடு சேர்ந்து கெட ஆரம்பிக்கிறது. கம்பை முழுசாக வைத்துக்கொண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள். கேழ்வரகு இதற்கு நேர் எதிர், முழுத் தானியமாகக் காய்ந்து இருந்தால் வருஷக்கணக்கில் நிற்கும், மழைக்கு வைக்க அதைவிட நல்ல தானியம் இல்லை என்பது என் அபிப்பிராயம். அரிசியிலும் அப்படித்தான். தீட்டிய வெள்ளை அரிசி பழகப் பழக உதிரியாக வடியும், தவிடு நீக்காத கைக்குத்தல் அரிசியோ சில மாதத்தில் எண்ணெய் வாடை அடிக்கும். சிறப்பாக இருக்கிறது என்று கைக்குத்தல் அரிசியை மொத்தமாக வாங்கி அடுக்க வேண்டாம்.

பழைய பருப்பும் பயறும் கெடாது, ஆனால் வேகாமல் அடம் பிடிக்கும். நாள்பட்ட பட்டர் பீன்ஸ், ராஜ்மா, கொண்டைக்கடலை எல்லாம் இறுகிப் போயிருக்கும். இதோடு நம் உயரமும் சேர்ந்துகொள்கிறது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர், இங்கே தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் சூடு ஏறாது. திறந்த பாத்திரத்தில் பழைய பயறை வேகவைப்பது விறகுக்கும் கேஸுக்கும் நஷ்டம். ராத்திரி முழுக்க உப்புப் போட்ட தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, துளி சமையல் சோடா சேர்த்து குக்கரில் வையுங்கள், கீழே வைக்கிறதைவிட ரெண்டு விசில் கூடுதலாக. ராஜ்மாவை அரைவேக்காட்டில் சாப்பிடவே கூடாது, வயிற்றைப் புரட்டிப் போடுகிற ஒரு நச்சுப் பொருள் அதில் இருக்கிறது, நன்றாகக் கொதித்து வெந்தால்தான் அது போகும்.

எண்ணெய்களில் நல்லெண்ணெய் நீண்ட நாள் தாங்கும். கடலை எண்ணெயை வெளிச்சத்தில் வைக்காமல் இருந்தால் அதுவும் பரவாயில்லை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைவதால் இங்கே பெரும்பாலும் கட்டியாகவே இருக்கும், அது கெட்டுப் போனதாக அர்த்தம் இல்லை. ரேஷன் பாமாயில் மார்கழியில் வெள்ளையாகக் கலங்கி அடியில் படிவதும் அப்படித்தான். வாய் அகன்ற பாத்திரத்தில் வைத்துக்கொண்டு காய்ந்த கரண்டியால் சுரண்டி எடுங்கள், முழுப் பாட்டிலையும் தினமும் அடுப்போரம் வைத்து உருக்கினால்தான் சிக்கு வாடை சீக்கிரம் வரும். தேன் உறைவதைப் பார்த்துக் கலப்படம் என்று சொல்கிறவர்கள் உண்டு, குளிரில் நல்ல தேனும் உறையும், இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாட்டிலை நிறுத்தினால் இளகிவிடும். ஒரு வயதுக்குக் கீழே இருக்கிற குழந்தைக்கு மட்டும் எந்தத் தேனும் வேண்டாம்.

அப்பளம், வத்தல், வடகம் எல்லாம் மேகம் இறங்கினாலே நமத்துப் போகும். விறகடுப்பு இருக்கிற வீட்டில் அடுப்புக்கு மேல் இருக்கிற பரணே இவற்றுக்குச் சரியான இடம். பூண்டும் அங்கேயே தொங்கலாம். பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் விளைகிற நம் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதன் பெருமைகளில் ஒன்றே நாள்பட வைத்திருக்கலாம் என்பதுதான். தாளோடு கொத்தாகக் கட்டி காற்று படுகிற இடத்தில் தொங்கவிடுங்கள், பிரிட்ஜில் வைத்தால் முளைத்துவிடும். உரித்த பூண்டை எண்ணெயில் போட்டு வெளியே வைக்கிற பழக்கம் ஆபத்து, காற்று இல்லாத எண்ணெய்க்குள் நச்சுக் கிருமி வளர இடம் இருக்கிறது. உருளைக்கிழங்கை இருட்டில் வையுங்கள், வெங்காயத்தோடு சேர்க்காமல். பச்சையாக மாறிய பகுதியையும் முளையையும் ஆழமாகச் செதுக்கி எறிந்துவிடுங்கள், முழுக்கப் பச்சையாக இருந்தால் கிழங்கையே விட்டுவிடுங்கள்.

உப்பும் வெல்லமும் ஈரத்தை இழுக்கும், பீங்கான் ஜாடி போதும். புளி கறுத்துப் போனால் கவலை இல்லை, வத்தக் குழம்புக்கு அதுதான் ருசி.

எவ்வளவு வைப்பது

மற்றவர் வீட்டுக் கணக்கு உங்களுக்கு உதவாது. அரிசிச் சிப்பம் பிரிக்கிற அன்று காலண்டரில் குறித்துவிடுங்கள், தீர்கிற அன்று மறுபடி பாருங்கள். 25 கிலோ ஐம்பது நாளைக்கு வருகிறது என்றால் உங்கள் வீட்டுக்கு ஒரு நாளைக்கு அரைக்கிலோ. இதே மாதிரி பருப்பு, எண்ணெய், சர்க்கரை, காபிப் பொடிக்கு மட்டும் பார்த்துக்கொண்டால் போதும், சீரகத்துக்கெல்லாம் கணக்குப் போட வேண்டாம். மழைக்கென்று கூடுதலாக மூன்று அல்லது நாலு வாரத்துச் சாமான் இருந்தால் ஊரை ஒட்டி இருப்பவர்களுக்குத் தாராளம். வடகவுஞ்சி, கூக்கால் மாதிரி உள்ளே தள்ளி இருப்பவர்கள் ஆறு வாரம் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் வைப்பது பெரும்பாலும் பயத்தில் வாங்குவது.

கணக்குப் போடும்போது ரேஷனை மறந்துவிடுகிறோம். 2007இல் தொடங்கிய சிறப்புத் திட்டத்தில் மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பும் ஒரு லிட்டர் பாமாயிலும் கிடைக்கிறது, அரிசி 2011 முதல் விலையில்லாமல் வருகிறது. கடையிலும் அதே அளவு வாங்கிக்கொண்டிருந்தால் பருப்பு சேராமல் என்ன செய்யும்? ரேஷனில் வருவதைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் கடையில் வாங்குங்கள். ரேஷன் அரிசி பிடிக்கவில்லை என்று ஓரமாக வைக்கிற வீடுகளில் அதை இட்லிக்கும் தோசைக்கும் மட்டும் என்று ஒதுக்கிவிட்டால் மாதாமாதம் தீர்ந்துவிடும்.

தீர்க்கிற சமையல்

தை வெயிலில் பிரித்துப் போட்டபோது ஓரமாக எடுத்து வைத்த பழசுகளுக்கு ஒரு வாரப் பட்டியல் போடுங்கள், வாரத்துக்கு மூன்று பொருள் போதும். மொத்தமாக ஒரே வாரத்தில் தீர்க்கப் பார்த்தால் வீட்டில் சண்டைதான் வரும்.

நாலைந்து வகைப் பருப்பு ஒவ்வொரு பிடி மிஞ்சியிருந்தால் அடைதான் முதல் வழி. அடைக்கு மாவு புளிக்க வேண்டியதில்லை என்பது இந்தக் குளிருக்குப் பெரிய சௌகரியம். ஊறவைக்க வெந்நீர் ஊற்றுங்கள், மலைப்பூண்டு நாலு பல் சேர்த்துக் கொரகொரவென்று அரைத்து, கேரட்டையும் முட்டைக்கோஸையும் துருவிப் போட்டு ஊற்றினால் ராத்திரிச் சாப்பாடு முடிந்தது. பழைய உளுந்தில் நுரை வராது, இட்லி கல்லாகிவிடும், அதை இட்லிக்கு முயற்சி செய்து நல்ல அரிசியையும் வீணாக்க வேண்டாம். வறுத்து அரைத்து இட்லிப் பொடி பண்ணலாம், உளுந்தங்களி கிண்டலாம், முறுக்குக்கு மாவு திரிக்கலாம். இட்லிக்குப் புது உளுந்தே வையுங்கள், வெந்தயம் கொஞ்சம் கூடுதலாகப் போட்டு வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு ஆட்டி, பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அடுப்போரம் வைத்தால் மார்கழியிலும் பொங்கும்.

வேகாத துவரம் பருப்பு நிறைய இருந்தால் வறுத்துப் பருப்புப் பொடியாக்கிவிடுங்கள், வேகவைக்கிற பிரச்சினையே இல்லை. ஆனால் பொடி ஆனதும் அதற்கு ஆயுசு ஒரு மாதம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு கிலோவையும் ஒரேயடியாகப் பொடித்தால் பழைய கதைதான். கொள்ளு இருந்தால் இந்தக் குளிருக்கு ரசமும் துவையலும் செய்யுங்கள். முழுத் தானியங்கள் கலந்து மிஞ்சியிருந்தால், கேழ்வரகு, கோதுமை, பச்சைப்பயறு, பொட்டுக்கடலை எல்லாவற்றையும் தனித்தனியாக வறுத்துச் சத்துமாவு திரித்து காலைக் கஞ்சிக்கு வைக்கலாம், தனித்தனியாக வறுப்பது அவசியம், சேர்த்து வறுத்தால் ஒன்று கருகும் இன்னொன்று பச்சையாக இருக்கும். பச்சரிசி மிஞ்சினால் வெண்பொங்கலும் கொழுக்கட்டையும். மணம் போன காபிப் பொடியைப் புதுசோடு கலக்காதீர்கள், ரெண்டும் கெடும். அதைத் தனியாக, கொஞ்சம் கூடுதலாகப் போட்டு டிகாக்ஷன் இறக்கி முதலில் தீர்த்துவிடுங்கள்.

நமத்துப் போன வத்தலை வெயிலில் ஒரு நாள் வைத்தால் மீண்டுவிடும், வெயில் இல்லாத நாளில் இரும்புச் சட்டியைச் சூடாக்கி இறக்கி அதில் போட்டு வைத்தாலும் சரியாகும்.

தின்று தீர்க்க முடியாது என்று தெரிந்தால் நன்றாக இருக்கும்போதே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். கெடுகிற நிலைக்கு வந்த பிறகு கொடுப்பது அவர்களை அவமதிப்பது.

எதைத் தின்னவே கூடாது

வண்டு வந்த அரிசி, சலித்துப் புடைத்துக் கழுவிச் சமைக்கலாம், ருசி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பூசணம் வந்தது அப்படி இல்லை. நிலக்கடலை, மக்காச்சோளம், மிளகாய், கொப்பரை இவற்றில் பச்சையாகவோ கறுப்பாகவோ பூத்திருந்தால் அஃப்ளாடாக்ஸின் என்கிற நஞ்சு இருக்கலாம், அது ஈரலைக் கெடுப்பது. வறுத்தாலும் பொரித்தாலும் அந்த நஞ்சு முழுசாகப் போகாது. "நாலு கடலைதான் பூத்திருக்கு, பொறுக்கிட்டு மீதியை வறுத்துடலாம்" என்பது வேண்டாம், அந்தப் பையையே விட்டுவிடுங்கள். மாவு கசந்தால் விட்டுவிடுங்கள். எண்ணெய் சிக்கு வாடை அடித்தால் விளக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். உப்பிப் போன டின்னைத் திறந்துகூடப் பார்க்காதீர்கள்.

தூக்கிப் போடுவதையும் யோசித்துச் செய்ய வேண்டிய ஊர் இது. கெட்ட அரிசியையும் மாவையும் வேலியோரம் கொட்டினால் ராத்திரி காட்டெருமை வரும், காட்டுப்பன்றி வரும், காலையில் குரங்கு வரும், ஒரு தடவை ருசி கண்டுவிட்டால் தினமும் வரும், அப்புறம் அடுத்த வீட்டுப் பிள்ளைகள் நடந்து போகப் பயப்பட வேண்டியிருக்கும். பூசணம் பிடித்ததை மாட்டுக்கும் கோழிக்கும் போடக் கூடாது, அந்த நஞ்சு பாலிலும் வரும். பிளாஸ்டிக் உறையைப் பிரித்துத் தனியே வைத்துவிட்டு, தோட்டத்தில் ஒன்றரை அடிக்குக் குறையாமல் குழி வெட்டி, கொட்டி, சாம்பல் தூவி, மண்ணை மூடி, மேலே கனமாக ரெண்டு கல்லை ஏற்றி வையுங்கள். தோட்டம் இல்லாதவர்கள் மூடியுள்ள வாளியில் வைத்திருந்து குப்பை வண்டி வருகிற நேரத்தில் கையில் கொடுங்கள், முந்தின ராத்திரியே வாசலில் வைக்க வேண்டாம்.